மிஞ்சிய கொழுக்கட்டை

ஆற்றுத் துறையை ஒட்டி வைத்தியர் லின்னுடைய மூலிகைக் கடை இருந்தது. லின் ஒல்லியான பெண், ஆனால் வாய் பொல்லாதது. அவளுடைய சீடன் ஹெங் அவளைவிட வயதில் மூத்தவன், முன்பு படகுகளில் மூட்டை சுமந்தவன். நாடி பார்ப்பதில் கெட்டிக்காரன், அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

லின் மலைக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்த சமயத்தில் கொழுக்கட்டைக் கடைக்காரர் குவோ வந்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. வலியில் முகம் சுருங்கியிருந்தது.

ஹெங் நாடி பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னான். அதில் வெள்ளைப் படலம் தடித்துப் படிந்திருந்தது. தூக்கம் எப்படி, வியர்வை எப்படி, மனசில் கவலை உண்டா என்று நிறையக் கேட்டான். பழைய ஆரஞ்சுத் தோலும் கோஷ்ட வேரும் இஞ்சியும் சேர்த்து, காய்ச்சிக் குடிக்கச் சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

குவோ பதிலுக்கு ஒரு தாமரை இலைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பசையரிசிக் கொழுக்கட்டை, உள்ளே சிவப்புப் பயறும் வெல்லமும். அடடா, அந்தக் கைப்பக்குவம் ஊரில் வேறு யாருக்கும் வராது.

வலி கொஞ்சம் குறைந்தது. பிறகு திரும்பி வந்தது. குவோவும் திரும்பி வந்தார், கையில் பொட்டலத்தோடு. ஹெங் அதிமதுரம் சேர்த்தான். அடுத்த முறை வேறொரு வேர், அதற்கடுத்து வேறொரு பட்டை. மருந்துப் பொட்டலம் பெருத்துக்கொண்டே போனது. குவோவின் வயிறும்தான்.

லின் ஊர் திரும்பிய அன்று குவோ மூலிகைக் கடை வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"புத்தாண்டு நெருங்கிடுச்சும்மா. வருஷத்துச் சாப்பாடே அந்த வியாபாரத்துலதான். அடுப்பு முன்னால நிக்க முடியலேன்னா கடையை மச்சினன்கிட்ட விட்டுட வேண்டியதுதான்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

லின் நாடிகூடப் பார்க்கவில்லை.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"விக்காம மிஞ்சினதைத்தான். அரிசிப் பண்டத்தைத் தூக்கிப் போட மனசு வருமா?"

"தினமுமா?"

"தனிக்கட்டைம்மா நான். எனக்குன்னு தனியா உலை வைப்பேனா?"

லின் சீடனைப் பார்த்தாள். ஹெங் மேல் அலமாரியில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"ராத்திரிக்குக் கஞ்சி குடிங்க, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் போட்டு. வேற மருந்து வேண்டாம். மிஞ்சினதை இங்க கொண்டுவந்து கொடுத்துடுங்க. ஒண்ணுகூட வீணாகாது, ஹெங் சாப்பிட்டுடுவான்."

ஹெங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படியும் ஒரு குரு கிடைப்பாளா!

முதல் ராத்திரி கூடை நிறைய வந்தது. விரலைக்கூட நக்கினான். அடுத்த ராத்திரியும் குறைவில்லை. பிறகு குவோவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவனுக்குப் பகீரென்றது.

"குருவே, இன்னைக்குப் பசியில்லை."

"அவர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கோம். சாப்பிடு."

புத்தாண்டுச் சந்தை கூடியது. கொழுக்கட்டைக் கடையிலிருந்து குவோ கூவிக் கூவி விற்பது துறை வரைக்கும் கேட்டது. இங்கே ஹெங் பெஞ்சில் சுருண்டு கிடந்தான்.

"உயிர் போகுது குருவே. ஏதாவது கொடுங்க."

லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவசரமே இல்லாமல் நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். தூக்கம் எப்படி என்று கேட்டாள், வியர்வை எப்படி என்று கேட்டாள், மனசில் ஏதாவது கவலையா என்றும் கேட்டாள். எழுந்து போய் ஆரஞ்சுத் தோலை நிறுக்க ஆரம்பித்தாள். கோஷ்டத்தை எடுத்தாள். இஞ்சியைத் தேடினாள்.

ஹெங்குக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சாப்பிட்டேன்னு கேட்கவே மாட்டீங்களா?"

லின் தராசைக் கீழே வைத்தாள். குவோ காலையில் நன்றியோடு கொண்டுவந்து வைத்திருந்த தாமரை இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"கேட்டா இந்தப் பொட்டலம் வர்றது நின்னுபோயிடுமே, ஹெங்."