மணியடிக்க ஒரு யானை

இந்தக் கதை நான் கண்டதல்ல, கேட்டதுதான். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த லைன்மேன் சொன்னார். அவருக்கு யார் சொன்னதோ, தெரியாது.

ஒரு காலத்தில் ஊசிப்பாறை நாட்டைக் கோவேந்திரன் என்ற ராஜா ஆண்டுவந்தான். மந்திரி விருத்தகிரியின் பேச்சைக் கேட்டு, தொட்டிமேடு என்ற ஊருக்குக் கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்தான். ஊர் ஜனங்கள் ஸ்விட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சாயங்காலம் பல்பு எரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பகலில் ஒருவரும் தொடவில்லை.

மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. வடைக்கடை வேலாயியிடம் போனார்.

"ஏம்மா, கிரைண்டரை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டுக்கல்லோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்?"

"ராஜா தந்த விளக்குச்சாமியை வேலை வாங்கினால் ராஜகுற்றம் என்று அரங்கசேனர் சொல்லிவிட்டாரே, ஐயா! தோள்பட்டை கழன்று விழுகிறது. இனிமேல் கடையை மூட வேண்டியதுதான்."

அரங்கசேனர், மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த பிரபு. சபையில் அவரே எழுந்து, "மகாராஜா, தொட்டிமேட்டில் பகலெல்லாம் கம்பியில் காக்காய்தான் குந்தியிருக்கிறது!" என்றார்.

"நாளை நேரில் பார்க்கிறேன். நிஜமென்றால் கம்பியும் போகும், மந்திரி பதவியும் போகும்" என்றான் ராஜா.

மறுநாள், ராஜாவும் அரங்கசேனரும் ஏறிவந்த ரதம், மந்திரி காட்டிய வழியில் போய்ச் சேற்றில் புதைந்தது. பக்கத்திலேயே பட்டத்து யானை, கழுத்தில் மணியோடு சும்மா நின்றது.

"யானையைக் கட்டி இழுங்கள்!"

"ஆகாது, மகாராஜா" என்றார் மந்திரி. "இது மணிச்சத்தம் கேட்பதற்கு மட்டும். வேலை வாங்கினால் தங்களுக்கு அவமரியாதை."

"மணியடிக்க யானை கட்டுகிற மடையன் எவனய்யா?"

"கரண்டு விளக்கெரிக்க மட்டும்தான் என்று இந்த ஊருக்குச் சொன்னவர், மகாராஜா. தங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்."

ராஜா அரங்கசேனரை முறைத்தான். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தான். யானை ஒரே இழுப்பில் ரதத்தைக் கரையேற்ற, நேரே வடைக்கடைக்குப் போனார்கள்.

"வேலாயி, ஊறிய உளுந்தில் பாதியைக் கிரைண்டரில் போடு! அரங்கசேனரே, மீதி உமக்கு. ஆட்டுக்கல்லில் உட்காரும்!" என்றான் ராஜா.

வேலாயி மாவை வழித்தாயிற்று, வடை வெந்தாயிற்று, ராஜா ஆறு தின்றாயிற்று. அரங்கசேனரின் உளுந்து அப்படியே முழித்துக்கொண்டிருந்தது.

"விருத்தகிரி, இந்த ஊரில் யார் மிஷின் வாங்கினாலும் கஜானா கைகொடுக்கட்டும். பிரபு ஆட்டி முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம்!"

சீக்கிரமே தையல் மிஷினும் மிளகாய் மில்லும் ஓடின. சத்தம் தாங்காமல் காக்காய்கள் வேறு ஊர் பார்த்தன.

ராஜாவும் யானையும் நிஜமா, எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் எங்கள் கிரைண்டரைத் திருப்பிப் பார்த்தேன்: நூற்றைம்பது வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரை எரிகிற கரண்டுதான்.