தாண்டவராயரின் காளவாயும் அப்பளக்காரத் தெருவும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவாற்றூர் நாட்டைக் கட்டியராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். ஒருநாள் அரண்மனைச் சுவர் அவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. கோட்டை மொத்தத்துக்கும் வெள்ளையடிக்க உத்தரவு போட்டுவிட்டார்.

மராமத்து அதிகாரி தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். ஊர்க்கோடியில் அப்பளக்காரத் தெருவை ஒட்டி அவர் பொறுப்பில் நாலு சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்துகொண்டிருந்தன. "எட்டாக்கிவிடுகிறேன் மகாராஜா," என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். குடியிருப்பை ஒட்டித் தொழிலைப் பெருக்க வேண்டுமானால், மந்திரி நேரில் போய்த் தெருவைப் பார்த்து, ஜனங்களைக் கேட்டு, ஓலையில் முத்திரை வைக்க வேண்டும். மூன்று நாள் முன்னதாகவே தண்டோரா போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

எட்டு என்ற பேச்சைக் கேட்டதும் மந்திரி தீர்த்தப்பருக்கு நெஞ்சில் முள் தைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒற்றைக் காளவாயை நாலாக்க முத்திரை வைத்தவரே அவர்தான். அன்று அவர் போனபோது தெரு பளிச்சென்று இருந்தது. வாசலுக்கு வாசல் சாணம் தெளித்துக் கோலம். கூரையில்கூடத் தூசி இல்லை. காளவாயிலும் புகை இல்லை. "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க சாமி," என்றார்கள். திருப்தியாக மோர் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

மந்திரி வருகிறார் என்று தாண்டவராயர் நெருப்பை அணைத்திருந்தார். மந்திரி வருகிறார் என்று ஜனங்கள் மூன்று நாளாகக் கழுவிப் பெருக்கியிருந்தார்கள். பெரிய மனுஷர் வரும்போது வீட்டை அழுக்காகவா வைத்திருப்பார்கள், பாவம்? ராஜாவையே பேச்சில் மடக்குகிற தீர்த்தப்பர் ஒரு துடைப்பத்திடம் ஏமாந்துபோனார். பிற்பாடு விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வைத்த முத்திரையைத் தானே உடைத்தால் ஊர் சிரிக்குமே என்ற வறட்டு கௌரவம்.

சேதி பரவிய மறுநாள் அந்தத் தெரு வேலம்மா அவரைத் தேடி வந்தாள்.

"அப்பளத்துல சுண்ணாம்பு படிஞ்சு, தின்னவங்க வாய் வெந்துபோகுதுங்க சாமி. அதுகூடப் போகட்டும். எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்குது. இன்னும் நாலு வந்தா அவரு தாங்கமாட்டாரு."

தீர்த்தப்பர் அன்றைக்கே சபையில் பேச்சை எடுத்தார். "மகாராஜா, தாண்டவராயரின் காளவாய்கள் சோம்பேறிக் காளவாய்கள் என்று கேள்வி. எட்டு வைத்து என்ன பிரயோஜனம்?"

தாண்டவராயருக்கு மீசை துடித்தது. "யார் சொன்னது? மகாராஜா வந்து பார்க்கட்டும். நாலையும் முழு வேகத்தில் எரித்துக் காட்டுகிறேன்."

"நல்லது. அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்," என்றார் மந்திரி, பரம சாதுவாக.

வழக்கம்போலத் தண்டோரா போட்டார்கள். வழக்கம்போல ஜனங்களும் கழுவித் தள்ளினார்கள். ஆனால் இந்தத் தடவை நெருப்பு அணையவில்லை. விடிந்ததிலிருந்து நாலும் கொழுந்துவிட்டு எரிந்தன. வெந்த சுண்ணாம்பை ஆட்கள் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். தெருமுனைப் பந்தலில் ராஜா அமர்ந்தார். அவர் முன்னால் ஒரு நீலத்துணியை விரித்தார்கள். அதில் தெருவின் அறுபது வீடுகளும் சிவப்பு மையில் வரையப்பட்டிருந்தன.

மந்திரி அவசரப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். ராஜா இரண்டு தடவை தும்மினார். தாண்டவராயரின் கறுத்த மீசை நரைத்துக்கொண்டே வந்தது.

"சரி, தாண்டவராயரே," என்றார் மந்திரி. "புதுக் காளவாய்கள் எந்த வீட்டை ஒட்டி வருகின்றன? மகாராஜாவுக்குக் காட்டுங்கள்."

தாண்டவராயர் விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. துணி முழுக்க வெள்ளை.

"வீடுகளைக் காணோமே?" என்றார் ராஜா.

"நாலு காளவாய் எரித்ததிலேயே வீடுகளைக் காணோம், மகாராஜா. எட்டு எரிந்தால் ஆட்களைத் தேட வேண்டியிருக்கும்."

ராஜா சிரித்தார். பிறகு தன் பட்டு அங்கவஸ்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். காளவாய்கள் அத்தனையும் ஒரு மாதத்துக்குள் மலைக்கு அப்பால் போக வேண்டும். அதுவரை தாண்டவராயரே தினமும் குடத்தோடு வந்து கூரைகளைக் கழுவ வேண்டும் என்று தீர்ப்பானது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு நீட்டினார்.

தீர்த்தப்பர் கை நீட்டவில்லை. "முன்பு முத்திரை வைத்தது நான், மகாராஜா. ஏமாந்தேன், தெரிந்த பிறகும் சும்மா இருந்தேன். எனக்கு மாலை வேண்டாம். இனி தெரு பார்க்கப் போகிறவர் தண்டோரா இல்லாமல் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். மாலையை எப்போது போடுவது என்று நானே சொல்கிறேன்," என்று ராஜா அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். தீர்த்தப்பர் தலை குனிந்தார்.

எல்லோரும் போனபின் அவர் வேலம்மா வீட்டுக்குப் போனார். அவள் புருஷன் சடையன் பாயிலிருந்து மரியாதைக்கு எழப் பார்த்தான். மூச்சு வாங்கியது; முடியவில்லை.

"படுத்துக்கொள்ளப்பா," என்றார் தீர்த்தப்பர். "வேலம்மா, அன்றைக்கு முத்திரை வைத்தவன் நான்தான்."

"தெரியும் சாமி," என்றாள் வேலம்மா. குரலில் கோபம் இல்லை. "இவருக்கு அப்பவே இருமல்தான். உங்க முன்னாடி இருமக்கூடாதுன்னு, நீங்க மோர் குடிச்சு முடிக்கிறவரைக்கும் துண்டை வாயில வச்சு அடக்கிக்கிட்டு நின்னாரு."