நாற்பத்தோராவது ஓட்டு

விளையாட்டு என்று சொல்லித்தான் இதைத் தொடங்கினார்கள். முடிந்தபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் அரசாங்கத்தைப் பற்றிப் பாடம் நடத்திய பெனடிக்டா டீச்சர், வகுப்பையே ஒரு மாநிலமாக்கித் தேர்தல் வைத்தார். ஜெயிப்பவர் முதலமைச்சர். அவர் போடும் முதல் உத்தரவைத் தலைமையாசிரியர் நிஜமாகவே நிறைவேற்றுவார் என்பது ஏற்பாடு.

ரக்‌ஷனா, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டுமென்று நின்றாள். கோகுல்நாத், கைப்பந்து வலைக்காக நின்றான். தாழ்ப்பாள் இல்லாததால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே என் மகள் சுகப்பிரியா பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை.

அவள்தான் தேர்தல் அதிகாரி. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராக டிக் அடித்து, தீக்குச்சியால் விரலில் மை வைத்து, சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நாற்பத்தொரு பேர். டீச்சர் சாக்பீஸ் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணினார். ரக்‌ஷனாவுக்கு இருபது, கோகுல்நாத்துக்கு இருபது.

“சரிசமம். பேரெழுதிக் குலுக்கிடலாம்” என்றார்.

சுகப்பிரியா கையைத் தூக்கினாள். “டீச்சர், எல்லாருக்கும் மை வச்சதுல நான் ஓட்டுப் போட மறந்துட்டேன்.”

“மறந்துட்டாங்களாம்ல!” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் இழுத்தான்.

“ரக்‌ஷனாவுக்குக் கதவு பிடிக்கிறவதானேடா இவ!” என்றான் இன்னொருவன்.

பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் இல்லை. ஆனாலும் காலையில் தலை பின்னும்போது, “ரெண்டு பேருக்கும் சமமா வந்தா என்னம்மா பண்ணுவாங்க?” என்று கேட்டவள் அவள். மறந்தாளா, வேண்டுமென்றே போடாமல் வைத்திருந்தாளா?

ரக்‌ஷனா எழுந்தாள். “அவளும் இந்த வகுப்புதானே டீச்சர்? அவ ஓட்டை விட்டுட்டு எப்படிக் குலுக்குவீங்க?”

டீச்சர் யோசித்தார். ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். “மறைவா போய் எழுது. யாருக்கும் தெரியாது.”

“எப்படித் தெரியாமப் போகும்?” என்றான் கோகுல்நாத். “பாக்கி இருக்கிறதே அவ ஓட்டுதான். மறந்தது நெசமாவே இருக்கட்டும் டீச்சர். பெட்டியத் திறந்தப்புறம் ஓட்டு கெடையாது.”

சுகப்பிரியா சீட்டை வாங்கிக்கொண்டு, முதலில் வகுப்புக் கதவையும் பிறகு என்னையும் பார்த்தாள்.

அவளுக்காகப் பேசிய ரக்‌ஷனா சொன்னது சரியா, அவளைத் தடுத்த கோகுல்நாத் சொன்னது சரியா? அந்தச் சீட்டில் அவள் எழுதலாமா?

விடை: கோகுல்நாத் சொன்னதே சரி. முடிவு தெரியாமல் போடுவதுதான் ஓட்டு. இருபது இருபது என்று தெரிந்த பிறகு அவள் கையில் இருந்தது ஒரு ஓட்டல்ல, மொத்தத் தேர்தலும். பெட்டியைத் திறக்குமுன் “எல்லாரும் போட்டாச்சா?” என்று கேட்காதது டீச்சரின் தவறு. சுகப்பிரியா வெறும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். குலுக்கலில் வலை ஜெயித்தது. சாயங்காலம் வீட்டில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நெசமாவே மறந்துட்டியாடி?” என்று கேட்டுவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். “கோகுல்கூட அதைக் கேக்கலம்மா” என்றாள்.