புலிக்குப் போன தூதர்

முன்னொரு காலத்தில் மேல்மலை நாட்டை உத்தண்டராசன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். அவனுடைய அமைச்சர் பூதலிங்கர். தமக்கு முன் அந்தப் பதவியில் இருந்த நல்லசிவரை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தது அரண்மனைக் கொல்லை வாசலில். இரண்டு காவலருக்கு நடுவே நல்லசிவர் போய்க்கொண்டிருந்தார். என்ன குற்றம்? ராசா கடல் பார்க்க ஆசைப்பட்டான். நல்லசிவர் அழைத்துப் போனார். ஓர் அலை வந்து ராசாவின் பட்டுச் செருப்பை நனைத்துவிட்டது. அலையைக் கழுவில் ஏற்ற முடியாதே!

"பூதலிங்கம், இந்த ஆளை வெளியே மட்டும் கூட்டிப் போகாதே" என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர்.

சில வருஷம் பூதலிங்கர் அப்படியே காலம் தள்ளினார். ஒருநாள் சபையில் ராசா கொட்டாவி விட்டபடி கேட்டான்: "நம் நாட்டில் பாதி காடாமே? நான் பார்த்ததே இல்லையே!"

இதற்காகவே காத்திருந்ததுபோல் எழுந்தார் வல்லபராயர். யார் எங்கே நிற்பது, யாருக்கு எந்தக் குடை என்று சபை மரியாதைகளைக் கவனிப்பவர். அமைச்சர் பதவி தமக்கு வராத வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"அமைச்சர் நினைத்தால் ஆகாததா, பிரபு! காலைப் பலகாரம் முடித்துப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்."

"முழுக் காட்டையும் பார்த்துவிட்டா?"

"முழுக் காட்டையும்! புலி உட்பட!"

பூதலிங்கர் பதறிப்போனார். "பிரபு, அந்தக் காட்டைக் குறுக்கே கடக்கவே வாரக்கணக்கில் ஆகுமே!"

"அப்படியானால் என் பகல் தூக்கம் என்ன ஆவது? காட்டைக் கொஞ்சம் சுருக்கிக் காட்டும். புலியைப் பார்க்காமல் திரும்பினேனோ, நல்லசிவர் போன வாசல் உமக்குத் தெரியுமல்லவா?"

சபை சிரித்தது. ராசா வாயைத் திறந்தால் சிரிப்பதற்குத்தானே அங்கே சோறு போட்டு வைத்திருந்தார்கள்.

ராயர் பயணத் திட்டத்தை அடுக்கினார். முப்பது முரசு, கொம்பு, தாரை, பட்டங்களைக் கூவக் கட்டியக்காரர்கள்.

"காட்டுக்குள் முரசா?" என்றார் பூதலிங்கர்.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே! சத்தமில்லாமல் போக நம் பிரபு என்ன விறகு வெட்டியா? எந்தச் சீமைக்குப் போனாலும் முதலில் தூதர் போய்ச் சொல்ல வேண்டும். அந்தச் சீமைக்கு உரியவன் எல்லையில் வந்து வரவேற்க வேண்டும். அவன் வராவிட்டால் தூதரைத்தான் கேட்பேன். என் தாத்தா காலத்து முறை இது!"

பூதலிங்கருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"முறை தெரிந்தவர் ராயர்தான். காட்டுக்கு உரியவர் யாரோ?"

"இதென்ன கேள்வி? நம் பிரபுதான்."

"புலி வரி கட்டுகிறதா, ராயரே? பொங்கலுக்கு வந்து கும்பிட்டுப் போனதா?"

"அதில்லை..."

"வரியும் கட்டாமல் வணங்கவும் செய்யாதவன் வேற்றரசன். அவன் வாசலில் சொல்லாமல் போய் நின்றால் நம் பிரபு அழையாத விருந்தாளி!"

ராசா துள்ளி எழுந்தான். "அழையாத வீட்டுக்கு நானா? யார் தூது போவது?"

"ராயரின் தாத்தா தூதுபோன பரம்பரை, பிரபு. என் தாத்தா மாவு விற்றவர்" என்று கைகட்டி நின்றார் பூதலிங்கர்.

ராயர் புறப்பட்டுப் போனார். காட்டை எட்டுமுன்பே வழியில் ஒரு சத்திரத்தில் இறங்கி, நெய்ப்பொங்கல் தின்றார்; தூங்கினார்; திரும்பினார். 'முடியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மானம் பிழைத்திருக்கும். அந்தச் சபையில் அந்த வார்த்தையை யாரும் பழகியதில்லை.

"பிரபுவின் பெயரைச் சொன்னதும் புலி வாலைச் சுருட்டி வணங்கியது! ஓடைக்கரையில் காத்திருக்கிறேன் என்றது!"

"தமிழிலா?" என்றார் பூதலிங்கர்.

"நல்ல தமிழில்!"

மறுநாள் ஊர்வலம் காட்டுக்குள் நுழைந்தது. முதல் முரசு அடி விழுந்ததும் மான்கள் மலையேறின. அடுத்த அடியில் குருவிகூட மிச்சமில்லை. ஓடைக்கரையில் சேறுதான் வரவேற்றது.

ராசா பல்லக்கிலிருந்து கழுத்தை நீட்டினான். "அமைச்சரே, எங்கே புலி?"

"வாக்குக் கொடுத்தது புலி, வாங்கி வந்தது ராயர். வரவேற்க ஆள் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று அவர் தாத்தாவே சொல்லியிருக்கிறார், பிரபு."

"உள்ளே... புதருக்குள் இருக்கும்" என்று குழறினார் ராயர்.

"அப்படியானால் போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருமே. பேசிப் பழகியவர்தானே!" என்றார் பூதலிங்கர்.

ராயர் புதரைப் பார்த்தார். ஓர் இலை அசைந்தது. அவ்வளவுதான், பல்லக்கின் கீழ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பிரபு! நான் புலியைக் கண்ணால் கண்டதில்லை! சத்திரத்தைத் தாண்டவே இல்லை!"

ராசா சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், "சரி, புலியை எப்படித்தான் பார்ப்பதாம்?" என்றான்.

"முரசுகளை அனுப்பிவிட்டு, கீழே இறங்கி, மரத்தடியில் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரபு. அதற்கு இஷ்டமிருந்தால் வரும்."

"ஒரு மிருகத்துக்காக நான் காத்திருப்பதா?" ராசா சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். "காடு என்றால் மரம்தான் போலிருக்கிறது. பார்த்தாயிற்று. சாப்பிடப் போகலாம்."

அன்று மாலை சபையில் ராசா தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கருக்குப் போட்டான். மாலை கனத்தது. அதைப் போட்டுக்கொள்ளக் கழுத்து இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. ராயரைப் புலிக்கு நிரந்தரத் தூதராக்கி, காட்டோரத்தில் ஒரு வீடும் கட்டிக்கொடுத்து, புலி பதில் சொல்லும்வரை அங்கேயே இருக்கும்படி உத்தரவிட்டான்.

மழை தொடங்குமுன்பே ராயர் மாமனார் ஊருக்கு ஓடிவிட்டார். ராசா அதை விசாரிக்கவில்லை. அவனுக்குக் காடே மறந்துபோயிருந்தது. அந்த வீட்டின் கல்தளம் மட்டும் இன்னும் காட்டோரத்தில் கிடக்கிறது. வெயில் ஏறினால் உடும்புகள் அதன்மேல் படுத்துக் காய்கின்றன.