விறகு அறுத்த சக்கரவர்த்திகள்

ஆவுடைநல்லூர்ச் சமஸ்தானத்தில் உலகின் எந்த அரசரும் முடியிழந்தது கிடையாது. வேறு ஊர்களில் இழந்திருக்கலாம், ஆவுடைநல்லூரில் இழக்கவில்லை. ராஜா வீரசேகர பூபதி அதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருந்தார். சீனத்துக் குழந்தைச் சக்கரவர்த்தியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று தந்தி வந்தபோது அவருக்கு மூன்று வேளை சோறு இறங்கவில்லை. நான்காம் வேளை சட்டம் பிறந்தது: "ஓர் அரசர் பதவி இழந்தார் என்று சமஸ்தான எல்லைக்குள் யார் வாய்விட்டுச் சொன்னாலும், அன்று பொழுது சாய்வதற்குள் சொன்னவர் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும், திரும்பக் கூடாது." ஆறு அன்று, எல்லைக்கல் என்று சொல்வாரும் உண்டு. ஆற்றைக் கடப்பதே பெருவழக்கு.

பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகமும் சட்டத்துக்குப் பணிந்தது. அதன்படி, நெப்போலியன் காற்று மாற்றத்துக்காக ஒரு தீவுக்குப் போனார். உடம்பு தேறாமையால் இன்னொரு தீவுக்கும் போனார். பிரெஞ்சு அரசர் ஒருவருக்கு, புதிதாகக் கண்டுபிடித்த ஓர் இயந்திரத்தால், தலைவலி அடியோடு நீங்கியது.

இப்பேர்ப்பட்ட ஊரில், காலைதோறும் அரசருக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் மாசிலாமணிப் புலவருக்கு. ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டு கிரீடங்கள் உதிர்ந்த ஆண்டுகளில், அதைவிட ஆபத்தான உத்தியோகம் போர்முனையிலும் இருந்திருக்காது. ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, வீடு வாசலை விட்டு அக்கரையில் போய்ப் பிழைக்கும் எண்ணம் புலவருக்கு இல்லை.

திவான் வெங்கோபராவுக்கு அந்த எண்ணம் இருந்தது, புலவரைப் பற்றித்தான். அந்த உத்தியோகத்தில் தம் மருமகனை அமர்த்த வேண்டும். மருமகன் எழுத்துக்கூட்டி வாசிப்பவர். அது போதும் என்பது திவானின் கருத்து.

போர் முடிந்து சில மாதங்களான பின் ஒரு நாள், நிறைந்த சபையில் திவான் எழுந்தார்.

"மகாராஜா, ஜெர்மனிச் சக்கரவர்த்தியைப் பற்றி வெகுநாளாக ஒரு தகவலும் இல்லையே? புலவர் எதையோ மென்று விழுங்குகிறார்."

அரசருக்கு அந்தச் சக்கரவர்த்தியிடம் தனி ஈடுபாடு. அவர் மீசையைப் படத்தில் பார்த்துத் தம் மீசையையும் மேல்நோக்கி முறுக்கி வைத்திருந்தவர் இவர். போர் தொடங்கியதும் வெள்ளைக்கார ஏஜெண்டு துரை வந்து அதை இறக்கிவிட்டுப் போனார்.

"ஆமாம் புலவரே, அவர் என்ன செய்கிறார்?"

உண்மை சொன்னால் ஆறு. பொய் சொன்னால் திவான். புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுகமாக இருக்கிறார், மகாராஜா. ஒல்லாந்து தேசத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளி. நாள்தோறும் விறகு அறுக்கிறார்."

"விறகா?"

"மரம் மரமாக."

"யாருக்கு?"

"குளிர் தேசம். யாருக்காவது வேண்டியிருக்கும்."

திவான் விடவில்லை. "ருஷியச் சக்கரவர்த்தி?"

"போன வருஷம் வரை அவரும் விறகுதான் அறுத்தார். சுற்றிலும் சிப்பாய்கள் நின்று, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்."

"ஆகா, என்ன மரியாதை!" என்றார் அரசர்.

சபையில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். ஊரறிந்த செய்தியை அறியாதவர் அங்கே ஒருவர்தாம். அவர்தாம் எல்லோரையும்விட உயரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு சக்கரவர்த்திகள் செய்வதை ஆவுடைநல்லூர் ராஜா செய்யாமல் இருப்பதா? மோட்டார் வாங்கியதும் அப்படித்தான். ஓட்டுவதற்குப் பாதை இல்லாததால் அதை நான்கு காளைகள் இழுத்தன. மறுநாளே ரம்பம் வந்தது. அரண்மனை முற்றத்தில் ஒரு வேப்பமரம் சாய்ந்தது. அரசர் அறுத்தார். மந்திரிகள் வெயிலில் நின்று "பலே!" என்றார்கள்.

"ஜெர்மனியாரின் கையில் இந்த நளினம் ஏது!" என்று உருகினார் திவான்.

ஐந்தாம் நாள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப் போயின. அரசர் ரம்பத்தை வீசி எறிந்தார்.

"ஏனய்யா, உம்முடைய சக்கரவர்த்திகளுக்கு வேறு வேலையே கிடையாதா?"

"கிடையாது, மகாராஜா."

"தர்பார்?"

"இல்லை."

"படையைப் பார்வையிடுவது?"

"இல்லை."

"ஒரு கையெழுத்தாவது போடுவார்களா, மாட்டார்களா?"

"விறகு மட்டும்தான், மகாராஜா."

அரசரின் முகம் மெல்ல வெளுத்தது. ஐந்து நாள் அறுத்தும் புரியாதது அப்போதுதான் புரிந்தது.

"அட பாவி! அப்படியானால் இரண்டு பேருக்கும் பதவி போய்விட்டது!"

புலவர் வாய்பொத்தி நின்றார். "அடியேன் சொல்லவில்லை" என்றார் மிகப் பணிவாக.

அரசர் திவான் பக்கம் திரும்பினார். சட்டத்தின் வாசகத்தை எழுதியவர் அவர்தாம். "இப்போது சட்டம் என்னய்யா சொல்கிறது?"

"யார் சொன்னாலும் என்று இருக்கிறது, மகாராஜா." திவானின் பார்வை கொலுமண்டபத்துக்குள் காலியாக இருந்த சிம்மாசனத்துக்குப் போய் வந்தது. "பொழுது சாய இன்னும் நான்கு நாழிகை இருக்கிறது."

"புலவரே! நான் போனால் சமஸ்தானம் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது, மகாராஜா. முதலில் தாங்கள் கடப்பீர்கள். 'நம் ராஜா எங்கே?' என்று ஒருவன் கேட்பான். நடந்ததைச் சொன்னவன், சட்டப்படி, தங்கள் பின்னாலேயே வருவான். அவன் எங்கே என்று அவன் வீட்டில் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னவரும் வருவார். உண்மை பேசுகிற நாக்குள்ள ஒவ்வொருவரும் ஒரு வாரத்துக்குள் அக்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவோம். இக்கரையில் திவான் ஒருவர் மிஞ்சுவார். அவர் ஒருவர் இருந்தால் போதாதா?"

அரசர் திவானைப் பார்த்தார். திவான் மறுக்காமல் நின்றதையும் பார்த்தார். பிறகு, கொப்பளித்த கையால் தொடையைத் தட்ட முடியாமல், தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவர் தோளிலிருந்த பட்டு புலவர் தோளுக்குப் போனது. சட்ட ஏடு சுக்குநூறாகக் கிழிந்தது. அதை அள்ளிக்கொண்டு போய் அக்கரையில் கொட்டும் பொறுப்பை அரசர் திவானிடமே ஒப்படைத்தார். திரும்பி வரும்படி மட்டும் சொல்லவில்லை.