காலி பாட்டிலுக்கு ஒரு கட்டம்

நான் மாணவனாகச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. என் ஆசிரியைக்கு முப்பத்து நான்கு.

அதற்கு முன் திருப்பூரில் இருபத்திரண்டு வருஷம் சாய மாஸ்டராக இருந்தேன். வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு பட்டறைக்குப் போக மனம் வரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் என்று ஒரு அம்மணி வந்திருக்கிறார், துணிக்குத் தடம் பார்க்கிறாராம், சாயம் தெரிந்த ஆள் தேடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றேன்.

டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நூல் நிறுக்கும் சின்னத் தராசு. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வெக்கை. பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இப்போதும் பஸ்ஸில் போகும்போது சூடான ரப்பர் வாடை வந்தால் முகத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்கிறேன்.

முதல் நாள் கேட்டேன்.

"தடம்னா என்னங்க டீச்சர்?"

"டீச்சர்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. உங்க மக வயசு எனக்கு."

"சரிங்க டீச்சர்."

அவர் சிரித்துவிட்டு என் சட்டையைக் காட்டினார்.

"இது உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?"

"கடையிலங்க."

"அதுக்கு முன்னாடி?"

தையல், சாயம், நெசவு, நூற்பாலை, பருத்திக்காடு என்று பின்னாலேயே போனேன். ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட், எவ்வளவு புகை என்று கேட்டுக்கொண்டே வந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. காட்டுக்கு வந்து சேர்ந்ததும் முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்க போட்டுக் கிழிச்சதுக்கு அப்புறம் எங்க போகும்?"

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

"தெரியலங்க."

"அப்படின்னா நாளையிலேருந்து வாங்க."

அப்படித்தான் சேர்ந்தேன். புகையைக் கிலோவில் சொல்லலாம் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஊர் ஊராகப் பஸ்ஸில் போவோம். மீட்டரைப் பார்ப்போம், தொட்டியை அளப்போம், கேட்டுக் கேட்டு எழுதுவோம். திரும்பி வரும்போது அவர் கடலை உருண்டை வாங்குவார். பாதியை எனக்குத் தருவார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலைக்குப் போன வருஷங்கள் வேறு இல்லை.

இரண்டாவது வருஷம் சென்னையில் இருந்து ஒரு துணிக் கம்பெனி வந்தது. அவர்களுக்குச் சொந்தமாகப் பெரிய கடைகள் இருந்தன. கொள்முதல் பார்க்கிற தேவநாதன் என்பவர் நேரிலேயே வந்தார்.

"ரெண்டு பட்டறையிலேருந்து பனியன் எடுக்கறோம். எந்தப் பனியனுக்குப் புகை கம்மின்னு பார்த்துச் சொல்லுங்க. கம்மியா இருக்கறவங்களுக்கே மொத்த ஆர்டரும் போகும். அந்த எண்ணை லேபிள்ல அச்சடிச்சிடுவோம்."

ஒரு பட்டறை சென்னியப்பனுடையது. அறுபது பேர் வேலை செய்தார்கள். சாயத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே விடமாட்டார். எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து, சுத்தமாக்கிய தண்ணீரிலேயே மறுபடி சாயம் போடுவார். இன்னொன்று ஓடைக்கரையில் இருந்த பட்டறை. பேர் வேண்டாம்.

ஆறு வாரம் அளந்தோம். கடைசியில் கம்ப்யூட்டர் சொன்ன பதிலைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சென்னியப்பன் பனியனுக்கு ஆறு கிலோ புகை. ஓடைக்கரைப் பனியனுக்கு நாலரை.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. தண்ணீரைக் காய்ச்ச நிலக்கரி வேண்டும். ஓடையில் ஊற்றுவதற்கு எதுவும் வேண்டாம்.

டீச்சர் அன்று கோயம்புத்தூர் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சென்னியப்பன் பட்டறை நிலக்கரி, மாதம் பதிமூன்று டன் என்று இருந்தது. அதை அழித்துவிட்டு ஒன்பது என்று போட்டேன். ஆறு, நாலேகாலாக இறங்கியது.

நியாயம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் டீச்சர் அட்டவணையை மேலிருந்து கீழே படித்தார். ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றது.

"சென்னியப்பன் பட்டறைக்குப் பின்னால சாம்பல் கொட்டுற இடத்தைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேனுங்க."

"நான் அளந்தேன். ஒன்பது டன் எரிச்சா அவ்வளவு சாம்பல் வராதுல்லா."

கீழே கடையில் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தானுங்க மாத்துனேன்" என்றேன். "அந்தாளு ஒரு சொட்டுத் தண்ணி வெளிய விடறதில்லீங்க டீச்சர். இந்தக் கணக்கு அவரைக் கெட்டவனாக்குது. ஓடையில ஊத்தறவனை நல்லவனாக்குது. கணக்குல தப்பே இல்ல. ஆனா பதில் தப்பா வருது. அது எப்படீங்க?"

அவர் அலமாரியிலிருந்து இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ரெண்டு பட்டறையிலேருந்தும் வெளிய வர்ற தண்ணியப் பிடிச்சிட்டு வாங்க."

முதலில் ஓடைக்குப் போனேன். குழாய் வாயிலிருந்து கருஞ்சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அது என்ன சாயம், எத்தனை சூட்டில் துணியை முக்கினார்கள் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் நானும் அதே மாதிரி குழாய்க்கு அந்தப் பக்கம்தான் நின்றேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தது அன்றுதான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்தார்.

"அத எதுக்குங்க புடிக்கறீங்க? ஆடுகூட வாய் வெக்காதுங்க."

"பரிசோதனைக்குங்க."

"அதுல பரிசோதிக்க என்ன இருக்குது? கண்ணுக்கே தெரியுதுல்லங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை மேட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

பிறகு சென்னியப்பன் பட்டறைக்குப் போனேன். சுற்றுச்சுவரை இரண்டு தடவை சுற்றினேன். குழாயே இல்லை. அவரிடம் கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

"வெளிய போனாத்தானுங்க மாஸ்டர் புடிக்கறதுக்கு?"

ஒரு பாட்டில் நிறைய, ஒரு பாட்டில் காலியாகத் திரும்பி வந்தேன். டீச்சர் இரண்டையும் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் காலி பாட்டில் நம்ம அட்டவணையில எந்தக் கட்டத்துல இருக்குது?"

தேடினேன். புகைக்குக் கட்டம் இருந்தது. கரண்டுக்கு, நிலக்கரிக்கு, லாரி ஓடிய தூரத்துக்குக்கூடக் கட்டம் இருந்தது.

"இல்லீங்க."

"நிலக்கரியைக் குறைச்சது உங்க தப்பு. கட்டம் போடாதது என் தப்பு. அவங்க புகையை மட்டும் கேட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

அவரே பேனாவை எடுத்து ஒன்பதை அடித்தார். மறுபடி பதிமூன்று என்று எழுதினார். பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தார். ஒரு பனியனுக்காகக் கெட்டுப்போகிற தண்ணீர் என்று தலைப்பு வைத்தார். இன்னும் மூன்று வாரம் அளந்தோம். ஓடைக்கரைப் பனியனுக்குப் பதினெட்டு லிட்டர். சென்னியப்பன் பனியனுக்கு, காய்ச்சுவதில் வீணாவதைச் சேர்த்தும் அரை லிட்டர்கூட வரவில்லை.

தேவநாதன் வந்தார். அறிக்கையைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"நான் ஒரு எண்தானே மேடம் கேட்டேன்? பனியன் கழுத்துல ரெண்டு விரல் அகலம்தான் இடம். அதுல இதெல்லாம் நிக்காது."

டீச்சர் பாட்டில்களை நகர்த்தி அவர் முன்னால் வைத்தார். அவர் சிவப்பைப் பார்த்தார். பிறகு காலி பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இது?"

"சென்னியப்பன் பட்டறைக் கழிவு."

"இதுல ஒண்ணும் இல்லையே."

"ஆமா சார்."

அவர் அதைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீங்க சொல்றது புரியுது. ஆனா ரெண்டு எண் போட்டா வாங்கறவங்க குழம்பிடுவாங்க மேடம்."

"குழம்பட்டும் சார். ஒரு எண் போட்டா தெளிவாத் தப்பு பண்ணுவாங்க."

"ஒத்தை எண் போட்டுக் கையெழுத்துப் போடமாட்டீங்களா?"

"மாட்டேன்."

தேவநாதன் எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் தகவல் இல்லை. அந்த ஒரு மாதமும் வேறு வேலையும் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குள் பயம் இருந்தது. டீச்சர் வழக்கம்போல மூன்று மணிக்குக் கடலை உருண்டை வாங்கி வந்தார்.

பிறகு கடிதம் வந்தது. லேபிளில் இரண்டு எண்ணும் போடுகிறார்களாம். மொத்த ஆர்டரும் சென்னியப்பனுக்கு.

நான் சென்னியப்பன் பட்டறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். லேபிள் மாதிரியை வாங்கிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆறு கிலோ புகைங்களா? ஒரு பனியனுக்கா?" என்றார். "அவ்வளவா எரிக்கறேன் நான்?"

"ஆமாங்க."

"எம் பேத்தி இதைப் படிப்பாளே மாஸ்டர்."

அடுத்த வாரமே நீராவிக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் சூடு போகாமல் உறை சுற்றினார். கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாக்கும் குழாய்களைப் போட்டார். அடுத்த வருஷம் நானே அளந்தேன். மாதம் பத்து டன். இந்தத் தடவை யாரும் அழித்து எழுதவில்லை. சாம்பலையும் அளந்து பார்த்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே, லேபிள் வைத்த பனியன் முதலில் கடைக்கு வந்த மாதம், டீச்சரும் நானும் கோயம்புத்தூர் போனோம். அந்தக் கம்பெனியின் கடை இரண்டு மாடி. எங்கள் பனியன் நீலத்திலும் மஞ்சளிலும் அடுக்கியிருந்தது. கழுத்தில் லேபிள். புகை ஒரு எண், தண்ணீர் ஒரு எண். என் எழுத்தே அச்சில் வந்த மாதிரி இருந்தது.

பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டோம். ஒரு பெண் வந்து மஞ்சளை எடுத்தார். மகன் முதுகில் வைத்து அளவு பார்த்தார், துணியை இழுத்துப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். ஒரு கல்லூரிப் பையன் விலையை மட்டும் பார்த்தான். ஒரு பெரியவர் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். லேபிள் அவர் விரலிலேயே பட்டது. படிக்கவில்லை.

ஒரு மணி நேரம் நின்றோம். ஒருத்தர்கூடப் படிக்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம்.

"ஒம்பது வாரம் அளந்தோமுங்க டீச்சர். ஒரு மாசம் வேலை இல்லாம இருந்தோம். யாருமே படிக்கலைங்களே. யாருக்காக எழுதுனோம்?"

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் வந்த கடிதம் என்றார். ஓடைக்கரைப் பட்டறை முதலாளி, கடையில் அந்த லேபிளைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். தண்ணீரைச் சுத்தம் பண்ணும் எந்திரம் போட்டால், கம்பெனி தன்னிடம் சொன்ன பதினெட்டு லிட்டர் எவ்வளவாகக் குறையும், வந்து அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

"இவரு பட்டறையில நாம அளந்தப்ப, ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலைங்களே."

"ஆமா."

"அப்புறம் இப்ப எதுக்குங்க கேக்கறாரு?"

பஸ் வருவது தெரிந்தது. டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்குறவங்க படிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. அவருக்குத் தெரியாதுல்லா."