கருப்பாயி யானையின் பாலம்

நீலிக் காட்டு ஆற்றின் மேல் ஒரு கல்பாலம். மற்ற கற்களெல்லாம் சில்லென்று இருக்கும். நடுவில் கிடக்கும் பெரிய கருங்கல் மட்டும் மார்கழிப் பனியிலும் வெதுவெதுவென்று இருக்கும்.

முன்பு ஒரு பெருவெள்ளத்தில் கருப்பாயி என்ற யானை பாறைகளை உருட்டிப் போட்டுக் கட்டிய பாலம் அது. நடுவில் போடக் கல் கிடைக்கவில்லை. யானை தானே இறங்கிப் படுத்துக்கொண்டது. அதன் முதுகில் நடந்து எல்லா விலங்குகளும் தப்பின. யானை மட்டும் எழுந்திருக்கவே இல்லை; அங்கேயே அந்தக் கருங்கல்லாகிவிட்டது.

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருநாள் பாலத்து விழா. நடுக்கல்லை மிதிக்குமுன், "கருப்பாயி அம்மா, கால் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பது வழக்கம்.

இந்த வருஷம் விழாவுக்குத் தலைவர் நரி. "இந்தப் பாலத்தைக் கட்டியதே என் பாட்டன்தான்!" என்றது கூசாமல்.

"உன் பாட்டன் ஒரு நண்டு வளைகூடத் தோண்டியதில்லையே!" என்றது முயல்.

"சும்மா இரு, நெட்டைக்காது!"

தாய்மானுக்கு உண்மை தெரியும். ஆனாலும், ஊர்வலத்தில் மாலை போட்டுக்கொண்டு முன்னால் போகப்போவது அதன் குட்டி. 'நரியைப் பகைத்தால் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை போய்விடுமே' என்று வாயை மூடிக்கொண்டது.

ஊர்வலம் கிளம்பியது. பட்டப்பகலில் திடீரென்று மூடுபனி இறங்கியது. நடுக்கல் வந்ததும், நரியோடு முன்னால் போன குட்டிமான் நின்றது.

"மாமா, சொல்லிட்டுத்தானே போகணும்?"

"அதெல்லாம் அந்தக் காலம். நட!"

இரண்டும் கல்லில் ஏறின. கல் பெருமூச்சு விட்டது. ஆற்றின் சத்தம் அப்படியே நின்றுபோனது.

"என் முதுகில் நிற்பது யார்?" அடியிலிருந்து ஒரு குரல்.

"பாலம் கட்டியவரின் பேரன்!" என்றது நரி.

கல் ஒரு சாண் இறங்கியது. குட்டியின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. காலைத் தூக்கப் பார்த்தது, வரவில்லை.

"கட்டியது யார்?"

"என் பாட்டன்!"

இன்னொரு சாண். பனிக்குள் முறம் போல இரண்டு காதுகள் மெல்ல அசைந்தன.

"அம்மா!" என்று குட்டி அலறியது.

தாய்மான் பாலத்தில் ஓடி வந்து மண்டியிட்டது. "பொய், தாயே! கட்டியது நீதான்! தெரிந்திருந்தும் ஒரு மாலைக்கு ஆசைப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். தண்டனையை எனக்குக் கொடு. பிள்ளையை விட்டுவிடு!"

கல் இறங்குவது நின்றது. குட்டியின் கால்கள் விடுபட்டன. ஒரே தாவலில் தாயிடம் வந்து சேர்ந்தது.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அண்ணே!" என்று மான் கெஞ்சியது.

நரி கரையில் நின்ற கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, "என் பாட்டன்..." என்று ஆரம்பித்தது.

பனி விலகியபோது கல் இருந்தது. நரி இல்லை.

அடுத்தவர் செய்த தியாகத்தைத் தன் பெயரில் சொல்லிக்கொள்வது பாவம். அது பொய்யென்று தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பது அந்தப் பாவத்தில் பங்கு கொள்வதே.